லேன் மாறும்போது பந்தும் மாற வேண்டுமா? பவுலிங் போட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவுலிங் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வேறு ஆட்டம்: லேன் என்னும் நீண்ட தளத்தில் பந்தை உருட்டி, 60 அடி தூரத்தில் முக்கோணமாக நிற்கும் 10 பின்களைச் சாய்ப்பது. தொழில்முறைப் போட்டிகளைப் பார்க்கும்போது ஒரு காட்சி அடிக்கடி வரும். ஒரு வீரர் ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்துப் பின்னையும் சாய்ப்பது) மேல் ஸ்ட்ரைக் அடித்துக்கொண்டே இருப்பார், ஆட்டத்தின் பத்துச் சுற்றுகளில் ஆறாவதில், அதாவது ஆறாவது ஃபிரேமில், திடீரென்று அந்தப் பந்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பார். வர்ணனையாளர் அரை வாக்கியத்தில் காரணம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அந்த அரை வாக்கியத்தை இங்கே விரித்திருக்கிறேன். எல்லாமே வலது கை ஆட்டக்காரரை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

லேன் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மாதிரிதானே தெரிகிறது? அதில் என்ன மாறுகிறது?

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் மாறுகிறது. லேனின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைப் பூசியிருப்பார்கள். லேன் முழுவதற்கும் சேர்த்தே சில தேக்கரண்டி அளவுதான் வரும். பந்து எண்ணெயின் மேல் போகும்வரை வழுக்கும். எண்ணெய் முடிந்து காய்ந்த பகுதியைத் தொட்டதும் பிடிமானம் கிடைத்து வளையும். இந்த வளைவைத்தான் ஹூக் என்கிறோம்.

ஒவ்வொரு பந்தும் போகும் வழியில் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறது. பத்து, இருபது பந்துகள் ஒரே பாதையில் போனால் அந்தப் பாதை காய்ந்துவிடும். பிறகு அதே இடத்தில், அதே வேகத்தில் விட்ட பந்து முன்பைவிடச் சீக்கிரமே வளைய ஆரம்பிக்கும். ஆட்டக்காரர்கள் இதை ‘லேன் எரிந்துவிட்டது’ என்பார்கள். கிரிக்கெட்டில் நான்காம் நாள் பிட்ச் முதல் நாள் போல இருக்காது, அது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே அந்த நான்கு நாட்களும் ஒன்றரை மணி நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

ரப்பர், பிளாஸ்டிக் பந்துகள் ஆண்ட காலத்தில் பெரிய தலைவலி வேறாக இருந்தது. அந்தப் பந்துகள் எண்ணெயை உறிஞ்சாது, முன்பகுதியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்பகுதியில் தேய்த்துவிடும். அதனால் காய்ந்திருக்க வேண்டிய இடம் வழுக்கலாகிவிடும். இன்றைய பந்துகளில் பெரும்பாலானவை உறிஞ்சுபவை என்பதால் காய்வதுதான் முதல் பிரச்சினை. ஆனால் பழைய பிரச்சினையும் அவ்வப்போது திரும்பி வருகிறது. அதை யூரித்தேன் என்னும் பந்து வகை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நான் போகும் இடத்தில் 200 புள்ளி அடிப்பேன். தொழில்முறை டூரில் ஆடுபவர்கள் சில நாள் 200-க்கே திணறுகிறார்களே?

நீங்கள் ஆடும் லேனில் எண்ணெய் நடுவில் நிறையவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் சுமார் 10-க்கு 1 என்ற விகிதம் சாதாரணம். பந்தைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டால் காய்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். உள்ளே விட்டுவிட்டால் நடுவிலிருக்கும் எண்ணெய் அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு தவறையும் லேனே திருத்திக்கொடுக்கிறது. எனக்கும் 200 அங்கே வருகிறது, அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை!

போட்டிகளுக்கான ஸ்போர்ட் வகைப் பூச்சில் அந்த விகிதம் 3-க்கு 1 அல்லது அதற்கும் குறைவு. அமெரிக்காவின் யுஎஸ் ஓபன் போட்டியில் குறுக்குவாக்கில் கிட்டத்தட்டச் சமமாகவே பூசுவார்கள். அங்கே இரண்டு போர்டு தவறினால் பாக்கெட்டை, அதாவது பந்து போய் அடிக்க வேண்டிய, முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் இடைப்பட்ட இடத்தை, மறந்துவிடலாம். போர்டு என்பது லேனின் குறுக்கே எண்ணப்படும் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான பட்டை. வலது ஓரத்திலிருந்து எண்ணினால் மொத்தம் 39.

பூச்சின் நீளமும் முக்கியம். ஆட்டக்காரர்கள் மனதுக்குள் போடும் ஒரு கணக்கு உண்டு: எண்ணெய் எத்தனை அடி நீளமோ அதிலிருந்து 31-ஐக் கழித்தால், பந்து வளையத் தொடங்கும்போது எந்த போர்டில் இருக்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 40 அடி என்றால் 9-ஆவது போர்டு, 35 அடி என்றால் 4. குட்டைப் பூச்சில் ஏறக்குறைய சாக்கடை (லேனின் பக்கவாட்டுப் பள்ளம்) ஓரத்திலேயே ஆட வேண்டியிருப்பது இதனால்தான். இது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே. மூன்றாவது ஆட்டத்திலும் இதையே பிடித்துத் தொங்குபவர் பாவம்.

பந்துகளில் என்னென்ன வகை? எல்லாம் ஒரே எடை, ஒரே அளவுதானே?

விட்டம் சுமார் எட்டரை அங்குலம், எடை அதிகபட்சம் 16 பவுண்டு. இதுவரை ஒன்றுதான். குணம் மேல்தோலில் இருக்கிறது.

பிளாஸ்டிக் பந்து கிட்டத்தட்ட வளையாது, ஒற்றைப் பின்னை நேராக அடிக்க வைத்திருப்பார்கள். யூரித்தேன் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. சீக்கிரமே பிடித்து, நிதானமாக, அகலமான வில்போல வளையும். ரியாக்டிவ் ரெசின் 1990-களின் தொடக்கத்தில் வந்து ஆட்டத்தையே மாற்றிப்போட்டது. அதன் தோலில் நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெயில் நன்றாக வழுக்கும், காய்ந்த இடத்தில் சட்டென்று திரும்பும். இன்று டூரில் உருளும் பந்துகளில் பெரும்பகுதி இதுதான்.

தோல்தான் எல்லாம் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் டான் மெக்கூன். பிளாஸ்டிக் பந்தை ஒரு ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து மேல்தோலை மென்மையாக்கினார். மென்மையான பந்து நன்றாகப் பிடித்தது. 1973-இல் அவர் 6 பட்டங்களை வென்று அந்த ஆண்டின் சிறந்த வீரரானார். அதற்குப் பிறகுதான் பந்து இவ்வளவுக்குக் கீழே மென்மையாக இருக்கக்கூடாது என்ற விதி வந்தது.

உள்ளே இருக்கும் கோர் பற்றி நிறையப் பேசுகிறார்களே?

விளம்பரத்தில் பேசுவார்கள். கோர் என்பது பந்துக்குள் வைத்திருக்கும் எடைக்கட்டி. அதன் வடிவத்தைப் பொறுத்து பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும் அல்லது தாமதமாகத் தொடங்கும். சுழலும்போது பந்தின் அச்சு எவ்வளவு நகரும் என்பதும் அதைப் பொறுத்ததே. அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத்தோல் லேனைத் தொடும், பிடிமானம் கூடும். ஆனால் வரிசைப்படுத்தச் சொன்னால் முதலில் மேல்தோலின் சொரசொரப்பு, அடுத்து அது எந்தப் பொருள் என்பது, அப்புறம்தான் கோர் என்பேன்.

சொரசொரப்பு என்றால் பந்தை உரசுவதா? ஆட்டத்தின் நடுவில் செய்யலாமா?

ஆமாம், உரசுவதுதான். 500 எண் உப்புத்தாளில் தேய்த்தால் மிகவும் சொரசொரப்பு, சீக்கிரம் பிடிக்கும். 4000-இல் தேய்த்தால் வழவழப்பு. பாலிஷ் போட்டால் இன்னும் நீண்ட தூரம் வழுக்கும். ஒரே பந்தை இப்படி இரண்டு விதமாகத் தேய்த்தால் அது இரண்டு பந்து மாதிரி.

ஆட்டம் தொடங்கிவிட்டால் கை வைக்கக்கூடாது என்பது அங்கே ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் விதி. காய்ந்த துண்டால் துடைக்கலாம், அவ்வளவே. அதனால்தான் ஒரே மாடல் பந்தை இரண்டு வாங்கி ஒன்றைச் சொரசொரப்பாகவும் மற்றதைப் பளபளப்பாகவும் வைத்திருக்கிறார்கள். பை நிறையப் பந்து தூக்கிவருவது பகட்டுக்காக என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு.

லேன் காய்கிறது. நகர்வதா, பந்தை மாற்றுவதா? எது முதலில்?

பெரும்பாலும் கால்தான் முதலில். பந்து பாக்கெட்டைத் தாண்டி இடதுபக்கம் போய் முதல் பின்னை நேருக்கு நேராக அடித்தால் (இதைத்தான் ‘உயர்ந்து அடித்தது’ என்பார்கள்) நிற்கும் இடத்தை இடதுபக்கம் நகர்த்துவார்கள். பந்து எந்தப் பக்கம் தவறியதோ அந்தப் பக்கமே நகர், இதுதான் பாலபாடம். வழக்கமான அளவு, கால் இரண்டு போர்டு, குறி ஒரு போர்டு. குறி என்பது சுமார் 15 அடி தூரத்தில் லேனில் பதித்திருக்கும் அம்புகள். இப்படி நகர்ந்தால் இன்னும் எண்ணெய் மிச்சமிருக்கும் புதுப் பாதை கிடைக்கும்.

சரி, எதுவரை நகர்வது? இங்கேதான் பந்து தேர்வு உள்ளே வருகிறது. நகர நகர, பந்து போக வேண்டிய கோணம் விரிந்துகொண்டே போகும். சொரசொரப்பான பந்து அந்த நீண்ட பாதையில் முன்பகுதியிலேயே சக்தியைச் செலவழித்துவிடும், பின்களுக்கு வரும்போது களைத்துப்போயிருக்கும். அந்தக் கட்டத்தில் நீண்ட தூரம் வழுக்கிப் பின்பகுதியில் திரும்பும் பளபளப்பான பந்து வேண்டும்.

என் கணக்கு எளிது. பந்து வளையும் வடிவம் நன்றாக இருந்து, போய்ச் சேரும் இடம் மட்டும் தவறாக இருந்தால் கால். இடம் சரியாக இருந்து வடிவம் கெட்டுவிட்டால் பந்து. இரண்டும் கெட்டிருந்தால் இரண்டும், ஒரே நேரத்தில், தயங்காமல்.

தயக்கம்தான் ஆட்டத்தைக் கொல்கிறது. ஸ்ட்ரைக் விழுந்துகொண்டிருக்கும்போது எதையும் மாற்ற மனம் வராது. ஆனால் பத்தும் விழுந்ததாலேயே அடி நன்றாக இருந்தது என்று பொருளல்ல. நான்காம் பின் (பின்களை முன்வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாக எண்ணுவார்கள்) தள்ளாடித் தள்ளாடிக் கடைசியாக விழுந்தால் அது கடன் வாங்கிய ஸ்ட்ரைக். அடுத்த ஃபிரேமில் வட்டி கேட்கும். நல்ல வீரர்கள் அந்த ஸ்ட்ரைக்குக்குப் பிறகே ஒரு போர்டு நகர்ந்துவிடுவார்கள். நான் ஸ்ப்ளிட் விழுந்து, மிச்சப் பின்கள் இடைவெளி விட்டுப் பிளந்து நின்ற பிறகு நகர்வேன்.

பின் விழும் விதத்திலிருந்தே லேனைப் படிக்க முடியுமா?

முடியும். டூரில் கண்கள் பந்தைவிடப் பின்கள் மீதுதான் அதிகம் இருக்கும். சரியான ஸ்ட்ரைக்கில் பந்து நேரடியாகத் தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறையும் பின்கள்தான் ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கின்றன. அதனால் மிச்சம் நிற்கும் பின் ஒரு செய்தி சொல்கிறது.

நான்காம் பின் நின்றாலோ, 4-9 போலப் பிளந்து நின்றாலோ பந்து உயர்ந்து அடித்திருக்கிறது. லேன் காய்கிறது, நகர வேண்டும். 2-8-10, 5-7 மாதிரி நின்றால் பந்து வந்து சேரவில்லை, மெலிதாகத் தொட்டிருக்கிறது.

சுவாரசியமான பின் பத்தாம் பின்தான். பாக்கெட்டில் அடித்தும் அது நிற்கும். அப்போது ஆறாம் பின்னைப் பாருங்கள். அது பத்தாம் பின்னின் கழுத்தைச் சுற்றிப் பறந்து போயிருந்தால் பந்தில் சக்தி இருக்கிறது, கோணம்தான் இம்மி பிசகியிருக்கிறது. சின்னத் திருத்தம் போதும். ஆறாம் பின் சோம்பலாகச் சாக்கடையில் விழுந்து கிடந்தால் பந்தில் சக்தி இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடி பலவீனமாக இருந்தது, எனவே பலமான பந்து வேண்டும் என்று மனம் சொல்லும். சொரசொரப்பான, பெரிய கோர் உள்ள பந்தை எடுப்போம். அது இன்னும் சீக்கிரம் பிடிக்கும், இன்னும் சீக்கிரம் களைக்கும், இன்னும் பலவீனமாக அடிக்கும். ஒரு லீக் இரவு முழுவதும் நான் இதையே செய்துகொண்டிருந்தேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிலைமை மோசமானது. பந்து களைத்துப்போனதால் வந்த பலவீனத்துக்கு மருந்து முன்பகுதியில் குறைவாக உழைக்கும் பந்து. பந்து போதிய அளவு வளையாமலே வந்ததால் வந்த பலவீனத்துக்கு மருந்து நேர் எதிரானது. இரண்டும் பின்களில் ஒரே மாதிரி தெரியும்! எது என்று அறியப் பந்து கடைசி 15 அடியில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னதாகவே திரும்பி, நேர்க்கோடாகி, மந்தமாக வந்தால் களைப்பு. இன்னும் வழுக்கிக்கொண்டே வந்தால் பிடிமானக் குறைவு.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் லேன் மாறி மாறி ஆடுகிறார்களே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரே இயந்திரம், ஒரே பூச்சு என்றாலும் இரண்டு லேன்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வது அபூர்வம். லேன் குறுக்குவாக்கில் மட்டமாக இருப்பதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு வரை விலகல் அனுமதி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவே பந்தை ஒரு பக்கம் தள்ளவோ தாங்கவோ போதும். இடது லேனில் ஒரு பந்து, வலது லேனில் வேறு பந்து என்று ஆட்டம் முழுக்க ஆடுபவர்களைப் பார்க்கலாம். குழப்பமாகத் தெரியும், ஆனால் மிகவும் நியாயமான ஏற்பாடு.

தகுதிச் சுற்றில் இதைவிடச் சிக்கல். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வேறு ஜோடி லேன்களுக்கு நகர்வார்கள். அங்கே முன்னால் ஆடியவர்கள் எந்தப் பாதையை எரித்தார்கள் என்பது உங்கள் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். அதனால் பக்கத்து ஜோடியில் யார், எந்தப் பந்தோடு, எங்கே நின்று ஆடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது அநாகரிகமல்ல, வேலை.

இரண்டு கையால் ஆடுபவர்கள் வந்தபின் லேன் வேகமாக மாறுகிறதா?

ஆமாம். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட்டி, ஃபின்லாந்தின் ஓஸ்கு பாலர்மா போன்றவர்கள் கட்டைவிரலைத் துளையில் விடாமல் இரண்டு கையாலும் பந்தைச் சுழற்றிவிடுகிறார்கள். ஒரு கையால் ஆடுபவரைவிடச் சுழற்சி கணிசமாக அதிகம். ஆக லேனில் அதிக உராய்வு, அதிக எண்ணெய் போகிறது. அவர்கள் உள்ளே ஆழமாக நின்று வெளியே எறிந்து திருப்புவதால் நடுவிலிருக்கும் எண்ணெயும் கரைகிறது. மற்றவர்கள் பிற்பாடு நகர்ந்து ஒதுங்க வைத்திருந்த இடமும் போய்விடும்.

இதற்கு மறுகோடியில் வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர். பெரிய ஹூக் இல்லாமல், நேர்த்தியாக, ஓரத்துக்கு அருகே ஆடியே 47 பட்டங்கள் வென்றவர். பந்து லேனைக் குறைவாகக் கடந்தால், லேன் மாறுவதால் வரும் பாதிப்பும் குறைவு. எனக்கு ரசனை இந்தப் பக்கம்தான்.

இடது கைக்காரர்களுக்கு அதிர்ஷ்டமா?

இடது பக்கம் குறைவானவர்கள் ஆடுவதால் அந்தப் பக்க எண்ணெய் மெதுவாகக் காயும். ஒரே பாதையில் நீண்ட நேரம் ஆடலாம். ஆனால் பூச்சு கடினமாக இருந்தால் அது இளகவும் மாட்டேன் என்கிறது. வலது பக்கத்தில் பலர் ஆடி ஆடி ஒரு காய்ந்த தடம் உருவாகி உதவும்போது, இடது பக்கத்தில் அந்த உதவி கிடைக்காது. இரண்டு பக்கமும் புலம்பக் காரணம் இருக்கிறது, புலம்புகிறார்கள்.

யூரித்தேன் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

யூரித்தேன் எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது. அதன் அச்சும் அதிகம் நகராததால் ஒரே வளையப்பகுதி திரும்பத் திரும்ப லேனைத் தொடும். அந்த வளையம் முன்பகுதி எண்ணெயை அள்ளிப் பின்பகுதியில் தேய்க்கிறது. யூரித்தேன் ஆடுபவருக்கு இது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் அதே லேனில் ரியாக்டிவ் பந்து விடுபவருக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் பந்து திரும்பாமல் போய்விடும். எதிராளியின் பந்து தேர்வு உங்கள் லேனை மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்னொரு சண்டை கடினம் பற்றியது. மென்மையான பந்து அதிகம் பிடிக்கும். 2022-இல் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ், 2016, 2017 ஆண்டுகளில் தயாரான பர்ப்பிள் ஹேமர் என்ற யூரித்தேன் பந்துகளைத் தன் தேசியப் போட்டிகளில் பயன்படுத்தத் தடை விதித்தது. டான் மெக்கூன் கதையின் அடுத்த பாகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிராளியின் பாதையை வேண்டுமென்றே கெடுக்க முடியுமா?

கொஞ்சம் முடியும். அவர் எந்தப் பாதையில் நன்றாக ஆடுகிறாரோ அதிலேயே நீங்களும் சில பந்துகளை உருட்டினால் அது சீக்கிரம் காயும். ஆனால் அதற்காக உங்களுக்கு ஒத்துவராத பாதையில் ஆடி ஸ்கோரை இழப்பது முட்டாள்தனம். தனிநபர் ஆட்டத்தில் இது பெரும்பாலும் தானாக நடப்பது. குழு ஆட்டத்தில் வேறு கதை: ஐந்து பேரும் பேசிவைத்து ஒரே பகுதியில் ஆடிக் காய்ந்த தடம் ஒன்றை உருவாக்குவது பழைய உத்தி.

இறுதிச்சுற்றில் முதலிடத்தில் இருப்பவர் கடைசியில் ஒரே ஓர் ஆட்டம் ஆடுகிறார். அது சலுகையா, தண்டனையா?

ஏணி முறையில் 5-ஆம் இடத்தவரும் 4-ஆம் இடத்தவரும் மோத, வென்றவர் 3-ஆம் இடத்தவரோடு, அப்படியே மேலே. முதலிடத்தவர் ஒரே வெற்றியில் பட்டம் வாங்கலாம். கணக்குப்படி சலுகை. ஆனால் அவர் இறங்கும்போது அந்த ஜோடியில் மூன்று மோதல்கள் முடிந்திருக்கும். ஒவ்வொரு லேனிலும் சுமார் 40, 50 பந்துகள் ஓடியிருக்கும். எதிரே இருப்பவர் குறைந்தது ஒரு மோதலையாவது அதே லேன்களில் ஆடி, அந்த மாற்றத்தைக் காலால் உணர்ந்து வந்தவர். முதலிடத்தவரோ உட்கார்ந்து கண்ணால் மட்டும் பார்த்தவர். முதல் இரண்டு ஃபிரேமில் அவர் எடுக்கும் பந்து தவறினால் தவறை உணர்வதற்குள் பாதி ஆட்டம் போய்விடும். எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பொறாமையும் இல்லை.

மிச்சப் பின்களை இரண்டாம் பந்தில் சாய்க்கும் ஸ்பேருக்கும் லேன் மாற்றம் பொருட்டா?

பிளாஸ்டிக் பந்தை நேராக, வேகமாக விட்டால் கிட்டத்தட்ட இல்லை. அதற்காகவே அந்தப் பந்து.

போட்டி பார்க்கும்போது எதைக் கவனித்தால் இதெல்லாம் புரியும்?

பந்தை விடுங்கள், ஆட்டக்காரரின் காலைப் பாருங்கள். முதல் ஃபிரேமில் ஓடத் தொடங்கும் இடத்தில் எந்தப் புள்ளியில் நின்றார் என்று நினைவில் வையுங்கள். ஐந்தாம் ஃபிரேமில் எங்கே நிற்கிறார்? நான்கு போர்டு இடதுபக்கம் போயிருந்தால், இன்னும் இரண்டு ஃபிரேமில் அவர் பளபளப்பான பந்துக்குக் கை நீட்டுவார். பல முறை வர்ணனையாளருக்கு முன்பே சொல்லிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், என் வீட்டில் இருக்கிறது.